தராசுக்குப் பயந்த கடைக்காரர்: ஒரு நிகழ்வு ஆய்வு

வயது நாற்பத்து மூன்று. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஆற்றுக்குக் கிட்டத்தில் ஒரு தெருவில் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. 2024 ஆகஸ்டில் மனைவியோடு பாளையங்கோட்டையில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார். தெருவில் எல்லாரும் கூப்பிடுவதைப்போல நானும் அவரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மனைவிதான் முதலில் பேசினார். "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல அவிய தூங்க மாட்டுக்காவ டாக்டர். திடீர் திடீர்னு நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்துருதாவ. கடையில இருந்த எலக்ட்ரானிக் தராசைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, மாமா காலத்துத் தட்டுத் தராசை எடுத்து வச்சிருக்காவ. கேட்டா, பழசுதான் ராசின்னு சொல்லுதாவ."

தூக்கத்தைக் குறித்துக்கொண்டேன், நெஞ்சைப் பிடிப்பதைக் குறித்துக்கொண்டேன். தராசை விட்டுவிட்டேன். அதையும் எழுதியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

முந்தைய எட்டு மாதம்

முதல் தடவை வந்தது 2024 ஜனவரியில், ஒரு வங்கியில். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சு படபடத்து, கை சில்லிட்டு, மூச்சு முட்டி, இதோ போய்விடப்போகிறோம் என்று தோன்றியிருக்கிறது. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறையில்லை. ஓர் இரவு மானிட்டர் மாட்டிக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அந்த ஒரு ராத்திரியில் மட்டும் நாலு தடவை வந்திருக்கிறது. துடிப்பு ஏறியதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. வயிற்றில் கேஸ் என்றார்கள். இரண்டாவது போன இடத்தில் டென்ஷன் என்றார்கள். மூன்றாவது இடத்தில் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த மாத்திரை அட்டை சட்டைப் பையை விட்டு இறங்கியதில்லை. பாதி நாள் அதைத் தின்பதுகூட இல்லை, தொட்டுப் பார்த்துக்கொள்வதோடு சரி.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்தது. "வெள்ளத்தன்னைக்கு எதையோ பாத்துப் பயந்துட்டான்." சுடலைமாடன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். என்னிடம் வந்தபோதும் கயிறு இருந்தது. கழற்றச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் 'பயந்த கோளாறு' என்று ஒரு வியாதியே உண்டு. பிள்ளை ராத்திரியில் வீறிட்டால் எதைப் பார்த்துப் பயந்தது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள். அது நல்ல மருத்துவக் கேள்வி. கேஸ் என்று சொன்னவர்கள் அதைக் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் நோயைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னவர் அந்த எழுபத்து நாலு வயது அம்மாதான். ஒரே ஒரு திருத்தம்: மகன் பார்த்துப் பயப்படவில்லை, கேட்டுப் பயந்திருந்தார்.

மார்கழி முதல் தேதி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பகுதித் தெருக்களுக்குள் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூடுவதை வருஷா வருஷம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊர் இது. ஆறு பெருகுகிறது என்றதும் அண்ணாச்சியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரண்ட் சாயங்காலமே போய்விட்டது. இன்வெர்ட்டரில் ஒரு லைட் மட்டும் எரிந்தது. ராத்திரி இரண்டு மணி வாக்கில் புறவாசல் வழியாகத் தண்ணீர் நுழைந்தது. முதலில் முழங்கால், கொஞ்ச நேரத்தில் இடுப்பு. மனைவியையும் எட்டு வயது மகளையும் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு, நடக்க முடியாத அம்மாவைத் தூக்க இறங்கி வந்தார். அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படிக்கு வந்தபோது லைட் அணைந்தது. கும்மிருட்டில் கால் வழுக்கி, அம்மா கையை விட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டார். துழாவித் தேடிப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். "ஒரு நிமிஷம் இருக்கும் டாக்டர்" என்றார். "பத்து செகண்ட் இருக்கும்" என்றார் மனைவி. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் சாயங்காலம் படகு வந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது குரல் தழுதழுத்தது, அவ்வளவுதான். வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. நாடியைப் பிடித்தேன், 80. ஆற்றுக்குக் குளிக்கப் போவீர்களா என்று கேட்டேன். "வாரா வாரம் போறேன். தண்ணிமேல எனக்கு என்ன பயம்?"

எனக்கு இது இடித்தது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்த்தவர்களில் பலர் மழை இரைந்தாலே முகம் மாறுவார்கள். சிலர் ஆற்றுப் பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். தண்ணீர் கனவில் வரும். இவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கதை முழுக்கத் தண்ணீர், பயத்தில் மட்டும் தண்ணீரைக் காணோம்.

வேன்

அடுத்த வாரம் வந்தார். கடை எப்படிப் போகிறது என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். மொத்த மார்க்கெட்டில் வெங்காயம் விலை ஏறியதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மேஜைமேல் இருந்த இரண்டு கையும் அப்படியே விறைத்தன. பார்வை ஓரிடத்தில் குத்திட்டது. முகத்தில் ரத்தம் இறங்கிவிட்டது. மூச்சு ஒரு கணம் நின்று, அப்புறம் இரைக்க ஆரம்பித்தது. நாடி 124. சட்டைப் பைக்குக் கை போனது.

வெளியே ஒரு பள்ளிக்கூட வேன் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பீப், பீப், பீப்.

வேன் போய்ப் பத்து நிமிஷத்தில் ஆள் தெளிந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "வெள்ளத்தைப் பத்திப் பேசுனோம்லா, அதான்" என்றார். வெங்காயத்தைப் பற்றித்தான் பேசினோம். வேன் சத்தம் கேட்டதா என்றேன். எந்த வேன் என்று கேட்டார்.

மனைவி பக்கம் திரும்பினேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஏதாவது இப்படிச் சத்தம் வந்ததா? அவர் யோசிக்கவே இல்லை. "இன்வெர்ட்டர்தான் டாக்டர். சார்ஜ் எறங்குதுன்னு கூவிக்கிட்டே கெடந்துச்சு, மாடியில எங்களுக்கே கேட்டுச்சு. அது நின்ன ஒடனதான் லைட்டு போச்சு." அண்ணாச்சி மனைவியின் முகத்தைப் பார்த்தார். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே."

பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் எல்லாம் அதில் வந்து விழுந்தது. வங்கியில் டோக்கன் எண் மாறும்போது ஒரு பீப். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க மானிட்டர். ஏ.டி.எம். பரணில் கிடக்கும் தராசு, பொத்தானை அமுக்கினால் போதும். புதிதாக வாங்கிய இன்வெர்ட்டரைக்கூட, கரண்ட் போனால் உடனே அணைத்துவிடச் சொல்லி வைத்திருக்கிறார். பேட்டரி வீணாகிவிடும் என்று காரணம் சொல்லியிருக்கிறார். இரண்டு மணிக்கு விழிப்பதற்கு மட்டும் எந்தச் சத்தமும் அகப்படவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

எலியும் மணியும்

பயத்தை மூளை எப்படிக் கற்கிறது என்று தேடிய ஆராய்ச்சிகளில் பல ஒரே சோதனையைச் சுற்றித்தான் நடந்தன. எலிக்கு ஒரு சத்தம் கேட்கும், சத்தம் முடிகிற நேரத்தில் காலில் லேசாக ஷாக் அடிக்கும். சில தடவைக்குப் பிறகு ஷாக் வேண்டாம், சத்தம் வந்தாலே எலி உறைந்து நிற்கும், ரத்த அழுத்தம் ஏறும். அண்ணாச்சியின் வீட்டில் வெள்ளம் நடத்தியது அதே சோதனைதான். பீப் முடிந்தது, இருட்டு வந்தது, அம்மா கையை விட்டுப் போனார். ஒரே தடவை போதுமாக இருந்தது.

நியூயார்க்கில் ஜோசப் லெடூ என்ற மூளை ஆய்வாளர் 1980களில் இந்தச் சத்தம் மூளைக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தேடினார். காதிலிருந்து வரும் சேதி தலாமஸ் என்னும் நடு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து கேட்பதற்கான மூளைப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்குப் போகும். புறணிக்குப் போனால்தான் இது இன்ன சத்தம் என்று பிரித்தறிய முடியும். அந்தப் புறணியைச் சிதைத்த பிறகும் எலி பயத்தைக் கற்றுக்கொண்டது. தலாமஸைச் சிதைத்தால் கற்கவில்லை. அப்படியானால் தலாமஸிலிருந்து புறணிக்குப் போகாமல் பிரிகிற ஒரு குறுக்குவழி இருக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்த இடம் அமிக்டலா. பொட்டுப் பக்கத்தில் இரண்டு புறமும் உள்ளே ஆழத்தில், பாதாம் பருப்பு மாதிரி இருக்கும். பெயரே கிரேக்க மொழியில் பாதாம்தான். மனிதர்களுக்கு இந்தக் குறுக்குவழி எவ்வளவு முக்கியம் என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. ஆனால் வேன் வந்ததே தெரியாத ஒருவருக்கு நாடி 124 ஆவதைக் கண்ணெதிரில் பார்த்தபோது, அந்த எலிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதியில் சத்தமும் வலியும் ஒரே செல்லில் வந்து சேர்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் தட்டினால், அதுவரை சத்தத்தைப் பொருட்படுத்தாத இணைப்பு பலப்படும். செல்லின் சுவரில் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் என்ற வாசல்கள் திறந்து கால்சியம் உள்ளே போகும், புதுப் புரதங்கள் உருவாகி அந்த இணைப்பு நிலைத்துவிடும். இது கற்கும் பக்கம். வெளிப்படுத்தும் பக்கம் அமிக்டலாவின் மையப் பகுதி. அங்கிருந்து தனித்தனிக் கம்பிகள் இறங்குகின்றன. நடுமூளையில் உள்ள ஒரு சாம்பல்நிறத் திட்டுக்குப் போகிற கம்பி உடலை உறைய வைக்கும். மேஜைமேல் விறைத்த கைகள் அதுதான். ஹைபோதலாமஸுக்குப் போவது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். மூளைத்தண்டுக்குப் போவது மூச்சை மாற்றும். நான் அந்த ஐந்து நிமிஷத்தில் பார்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி இருக்கிறது.

சரி, ஞாபகமே இல்லாமல் எப்படிப் பயம்? 1911இல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் கிளாபரேட் ஒரு காரியம் செய்தார். அவரிடம் புது நினைவு எதுவும் தங்காத ஒரு பெண் நோயாளி இருந்தார். விரலிடுக்கில் ஊசியை மறைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு அது மறந்துவிட்டது. ஆனால் அடுத்த முறை கை நீட்டியபோது கொடுக்க மாட்டேன் என்றார். ஏன் என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. (இன்றைக்குச் செய்தால் ஒழுங்குக் குழு முன்னால் நிற்க வேண்டியதுதான்.) 1995இல் பெச்சாராவும் டமாசியோவும் உள்ளிட்ட குழு இதைத் தெளிவாகக் காட்டியது. நடந்தவற்றை நினைவில் பதியும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சிதைந்தவருக்கு எந்த அடையாளத்துக்குப் பிறகு காதைப் பிளக்கும் சத்தம் வந்தது என்று சொல்ல முடியவில்லை, ஆனால் உள்ளங்கை வியர்த்தது. அமிக்டலா சிதைந்தவர் நடந்ததை ஒப்பித்தார், கை வியர்க்கவில்லை. நடந்த கதையை ஓர் இடம் எழுதுகிறது, உடம்பு என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னோர் இடம் எழுதுகிறது.

அண்ணாச்சிக்கு மூளையில் பழுது ஒன்றும் இல்லை. அவருடைய கவனம் முழுக்க அம்மாமேலும் படிமேலும் இருந்தது, இன்வெர்ட்டர் கதைக்குள் ஏறவில்லை. பயத்துக்குள் ஏறிவிட்டது. அது அந்த ஒரு சத்தத்தோடு நிற்கவும் இல்லை, கிட்டத்தட்ட அதுபோல ஒலிப்பதற்கெல்லாம் பரவியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவருக்குக் காது.

லெடூவே பிற்பாடு, அமிக்டலாவைப் பயத்தின் இருப்பிடம் என்று சொல்லாதீர்கள் என்று எழுத ஆரம்பித்தார். டேனியல் பைனோடு சேர்ந்து 2016இல் எழுதிய கட்டுரையில், ஆபத்தைக் கண்டு உடலைத் தயார்ப்படுத்துவது ஒரு சுற்று, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று உணர்வது புறணி கட்டும் வேறொரு சுற்று என்று பிரித்தார். பட்டிமன்றத்துக்கான விஷயம்போலத் தெரியும். இந்த நோயாளிக்கு அது நேரடியாகப் பொருந்தியது. படபடப்பு முதலில் வந்தது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத படபடப்புக்கு நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தேடும் முதல் விளக்கம் மாரடைப்பு. மாரடைப்பு என்று நினைத்ததும் பயம் இரட்டிப்பானது. அவருடைய நோயில் பாதி இன்வெர்ட்டர் கொடுத்தது, மீதிப் பாதி இந்த விளக்கம் கொடுத்தது என்பது என் கணிப்பு.

நோய்க்குப் பெயர் வைப்பதில் நான் ரொம்ப மெனக்கெடவில்லை. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறில் வழக்கமாக வரும் கனவும் மனக்காட்சியும் இவருக்கு இல்லை. பீதிக் கோளாறு என்றால் காரணமில்லாமல் வர வேண்டும். இதற்குக் காரணம் இருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை.

பில் புத்தகத்தின் பின்பக்கம்

அவர் கொண்டுவந்திருந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் மூளைப் படம் போட்டு விளக்கினேன். பாதாம் பருப்பை வரைந்ததும் மனைவி கேட்டார்: "அதை மட்டும் எடுத்துட்டா சரியாயிருமா டாக்டர்?"

எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் ஆதாரம் உண்டு. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் பெண். உர்பாக்-வீத்தே என்ற அரிய நோயில் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. பாம்புகளைக் கண்டால் பயப்படாமல் தொட ஆசைப்பட்டார். ஒருவன் கழுத்தில் கத்தி வைத்தபோதும் பயப்படவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்டவருக்கு எந்த ஆளை, எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தெரியாது. ஆபத்துகளில் திரும்பத் திரும்பப் போய் மாட்டினார். இன்னொரு வேடிக்கை: 35 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தபோது அவருக்கும் பீதி வந்தது. 2013இல் வெளியானது அந்த முடிவு. மூச்சுமுட்டுவது மாதிரி உள்ளே இருந்து வரும் பயத்துக்கு அமிக்டலா வேண்டியதில்லைபோல. மனைவி கேட்டுவிட்டு, "அப்ப அது இருக்கட்டும்" என்றார்.

பயத்துக்கு அளவுகோல் வேண்டும். வழக்கமாக நாங்கள் 0 முதல் 100 வரை கேட்போம். அண்ணாச்சிக்கு அது பிடிபடவில்லை. கிலோவில் சொல்லட்டுமா என்றார். அன்றிலிருந்து ஒரு கிலோ என்றால் உச்சம்.

அல்பிரசோலத்தைப் படிப்படியாக ஆறு வாரத்தில் குறைத்தேன், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் செர்ட்ராலின் 50 மில்லிகிராம் தொடங்கினேன். மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுப்பதற்குத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. காரணம் எளிது. பீப் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தப் பெருமை அட்டைக்குத்தான் போகும். மூளை ஒன்றும் கற்றிருக்காது.

பயப்படுகிற சத்தத்தையே திரும்பத் திரும்பக் கேட்க வைத்துப் பயத்தை ஆற்றும் சிகிச்சையைச் செப்டம்பரில் ஆரம்பித்தோம். மனைவி வீட்டு இன்வெர்ட்டரின் சத்தத்தை ஃபோனில் பதிந்து கொண்டுவந்தார். புதியதும் அதே கம்பெனி, அதே பீப். போடுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கினேன்: "மூணு நிமிஷத்துக்கு மேல கேட்டா மயங்கி விழுந்துருவேன்." இருபது நிமிஷம் போட்டேன். 900 கிராமில் ஏறி, 300இல் இறங்கியது. விழவில்லை. அடுத்த வாரம் 600, 150. மூன்றாவது வாரம் 200 கிராமைத் தாண்டவே இல்லை. எனக்கு ஏகப்பட்ட திருப்தி.

நாலாவது வாரம் மனைவி ஃபோன் பண்ணினார். சாயங்காலம் கரண்ட் போய், நான் சொன்னபடி இன்வெர்ட்டரை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். பீப் வந்ததும் அண்ணாச்சி செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். அவர் சொன்ன கணக்கு: "முழுசா ஒரு கிலோ."

தப்பு என்னுடையது

மூன்று அமர்வையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு, ஃபேன் ஓட, லைட் எரிய நடத்தியிருந்தேன். படிப்பில் இது பாலபாடம். பாவ்லோவ் காலத்திலிருந்து தெரிந்தது. மார்க் பௌட்டன் என்ற ஆய்வாளர் எலிகளில் பலமுறை காட்டியது. ஒரு பெட்டியில் பயத்தைக் கற்ற எலிக்கு வேறொரு பெட்டியில் வைத்துப் பயத்தை ஆற்றினால், பழைய பெட்டியில் கொண்டுவந்து விட்டதும் பயம் திரும்பும். பயத்தை இப்படி ஆற்றுவதற்கு எக்ஸ்டிங்க்‌ஷன் என்று பெயர். அணைந்துபோவது என்று பொருள். பெயர்தான் தப்பு. எதுவும் அணைவதில்லை. பீப் என்றால் ஆபத்து என்ற பழைய பாடம் அமிக்டலாவில் அப்படியே இருக்கும். பீப் என்றால் ஒன்றும் இல்லை என்று இரண்டாவது பாடம் ஒன்று சேரும். இரண்டாவது பாடத்தை எடுத்து நீட்டுவது நெற்றிக்குப் பின்னால், புறணியின் உள்பக்க அடிப்பகுதி. 2002இல் மிலாடும் குவர்க்கும் எலிகளில் அதற்குச் சமமான இடத்தைப் பதிவு செய்தபோது, பயம் ஆறியதை மறுநாள் நினைவுகூரும் எலிகளில்தான் அந்த செல்கள் சுறுசுறுப்பாக இருந்தன. எந்த இடத்தில் எந்தப் பாடம் செல்லும் என்று சொல்வது ஹிப்போகேம்பஸ். பழைய பாடம் எங்கேயும் செல்லும். புதிய பாடத்துக்கு முகவரி உண்டு, அண்ணாச்சிக்கு அது பாளையங்கோட்டை, என் கிளினிக், மூன்று மணி.

பழையதை அழித்துவிட முடியாதா என்று அவரும் கேட்டார். 2000இல் கரீம் நாடெர், லெடூ குழு காட்டியது உண்மைதான்: நினைவை எடுத்துத் திறந்தால் சில மணி நேரம் அது இளகியிருக்கும், அந்த நேரத்தில் எலியின் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுத்தால் திரும்ப உறைவதில்லை. மனிதர்களுக்கு, இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முடிவுகள் ஒருபடித்தாக இல்லை. நான் அந்த வழிக்குப் போகவில்லை.

வேறு வழியில்லை, பாடத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். அக்டோபரில் இரண்டு ராத்திரி நானே போனேன். மற்ற நாள்களில் அவர்களாகச் செய்து நோட்டில் எழுதினார்கள். தராசு பரணிலிருந்து இறங்கியது. ஏ.டி.எம்.முக்கு வேறு வேறு நேரத்தில் போனார். பழக்கமான பஸ் டிரைவர் ஒருவரிடம் சொல்லி, ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் நின்றார். இருட்டில், லைட்டை அணைத்துவிட்டு, மாடிப்படி அடியில் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் காலை வைத்துக்கொண்டு பீப் கேட்டார். அதுவும் 200 கிராமுக்கு வந்த பிறகு, கையில் கனத்தோடு செய்யலாம் என்று 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னேன்.

அம்மா மேல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளத்துக்கு அப்புறம் அவரை மேலேயே குடிவைத்துவிட்டார்கள். "மூட்டையை எதுக்குலே தூக்குத? என்னையத் தூக்கு."

இது எந்தக் கையேட்டிலும் இல்லை. நான் தயங்கினேன். அண்ணாச்சி என்னைவிட அதிகம் தயங்கினார். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்தத் தடவை மயங்கி விழுவேன் என்று சொல்லவில்லை. "கை விட்டுரும்" என்றார். இத்தனை மாதமும் மாரடைப்பு, மயக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் தன் பயத்தின் பெயரைச் சொன்னார். மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், டார்ச்சோடு நின்றோம். அம்மாவைக் கீழே கூட்டிவந்து உட்காரவைத்தோம். அவர் ஏந்திக்கொண்டார். பீப் ஓடியது. மனைவி லைட்டை அணைத்தார். பிறகு, அன்றைக்கு நடந்த மாதிரியே, சத்தத்தை நிறுத்தினேன். இருட்டில் அவர் மூச்சு இரைப்பது கேட்டது. அந்த நிசப்தம்தான் ரொம்ப நீளமாக இருந்தது. அப்புறம் படியேறும் சத்தம், ஒவ்வொரு படியாக. மேலே போன பிறகு அம்மா குரல்: "எறக்கி விடுலே, முதுகு வலிக்கி."

எத்தனை என்று கேட்டேன். கீழே எண்ணூறு, மேலே போய்க் கணக்கு எடுக்கவில்லை என்றார்.

மறுபடி மழை

2024 டிசம்பர் இரண்டாம் வாரம் நெல்லையில் மறுபடி கனமழை, ஆற்றில் மறுபடி வெள்ளம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட் போய்ப்போய் வந்தது. ராத்திரி இன்வெர்ட்டர் கூவியது. நாள் கடந்தால் பழைய பாடம் தானாகத் தலைதூக்கும் என்று முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன். மழையும் இருட்டும் வெள்ளச் செய்தியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 600 கிராம் ஏறியிருக்கிறது. ஓடவில்லை, மாத்திரை இல்லை, அரை மணி நேரத்தில் 100. இரண்டு மணி விழிப்பு இப்போதும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் உண்டு. செர்ட்ராலினை இன்னும் நிறுத்தவில்லை.

ஜனவரியில் மனைவி ஃபோன் பண்ணினார், கணவருக்காக அல்ல. எலக்ட்ரானிக் தராசு இப்போது கடைப் பலகையில் இருக்கிறது, அண்ணாச்சி அதில்தான் நிறுக்கிறார். ஆனால் அது பீப் என்றதும் மகள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாளாம். வெள்ளத்தன்று அவள் மொட்டைமாடியில் அம்மா மடியில் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எட்டு மாதம் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போதும். சூசன் மினேகா குழுவின் சோதனைகளில், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து பாம்பையே பார்த்திராத குரங்குகள், வேறொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைப் பார்த்தே பயத்தைக் கற்றுக்கொண்டன. வீடியோவை வெட்டி ஒட்டிப் பூவைக் கண்டு அலறுகிற மாதிரி காட்டியபோது கற்கவில்லை. தராசு பூவைப்போலப் பரமசாதுவான சாமான்தான். ஆனால் மனிதக் குழந்தைக்கு அப்பாவின் முகத்துக்குமேல் வேறு ஆதாரம் தேவைப்படவில்லைபோல.

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சியும் வர வேண்டும், தராசையும் எடுத்துவர வேண்டும். அதில் என்ன நிறுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.